பயிற்சியே நடக்காமல் ‘பயிற்சி பெற்றேன்’ என்று கையெழுத்திடலாமா?

கேள்வி: நீடாமங்கலம் அருகே உள்ள ஒரு தனியார் அரிசி ஆலையில் நானும் என் கணவரும் வேலை செய்கிறோம். நான் பாக்கிங் பிரிவில் ஆலையின் நேரடிப் பணியாளர். அவர் மேஸ்திரி மூலம் அவியல் பகுதியில் வேலை பார்க்கிறார். மொத்தம் 30 பேருக்கு மேல் இருக்கிறோம். கரோனா இரண்டாம் அலையில் சிலருக்குத் தொற்று வந்ததால் 2021 மே மாதம் மூடிய ஆலையை இந்த ஜூலையில் திறக்கப் போகிறார்கள். பாதுகாப்புப் பயிற்சி என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லி, இந்தியில் ஒரு வீடியோவைச் செல்பேசியில் காட்டிவிட்டு, ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். முழுப் பயிற்சி பெற்றேன், தொற்று வந்தால் ஆலை பொறுப்பல்ல, முகக்கவசத்துக்கும் பயிற்சிக்கும் 400 ரூபாய் பிடித்துக்கொள்ளலாம் என்று அதில் இருக்கிறது. நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. மேஸ்திரி ஆட்களை வகுப்புக்கே கூப்பிடவில்லை. ஆனால் என் கணவரிடம் கையெழுத்து மட்டும் வாங்கிவிட்டார்கள். வேலை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரி, அந்தத் தாளில் இப்போதுள்ளபடி நீங்கள் கையெழுத்திட வேண்டாம். உங்கள் கணவர் இட்ட கையெழுத்தைப் பற்றி உடனே எழுத்துமூலமாக ஆலைக்குத் தெரிவிக்க வேண்டும். இரண்டில் அவசரமானது அவருடையதுதான். அதற்கான காரணத்தைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

மின்சக்தியைக் கொண்டு இயங்கி, கடந்த 12 மாதங்களில் ஏதேனும் ஒரு நாளாவது 10 பேர் வேலை செய்த ஆலை, 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்துக்கு உட்பட்டது. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய, தொழிலாளர் பாதுகாப்புக்கான புதிய தொகுப்புச் சட்டம் 2021-இல் நடைமுறைக்கு வந்திருக்கவில்லை என்பதால், அப்போது பொருந்தியது இந்தப் பழைய சட்டம்தான். (புதிய தொகுப்புச் சட்டங்கள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்துவிட்டன; இங்கே சொல்லும் பிரிவுகள் 2021-இல் நடப்பில் இருந்த பழைய சட்டங்களுடையவை.) தொழிலாளர்களின் உடல்நலத்துக்கும் பாதுகாப்புக்கும் தேவையான தகவல், அறிவுறுத்தல், பயிற்சி, மேற்பார்வை ஆகியவற்றை அளிப்பது ஆலையை நடத்துபவரின் கடமை என்று 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஏ பிரிவு சொல்கிறது. அந்தப் பயிற்சியைக் கேட்டுப் பெறுவது தொழிலாளியின் உரிமை என்று 111-ஏ பிரிவு சொல்கிறது. ஒப்பந்தக்காரர் மூலம் வருபவரும் இச்சட்டத்தின்படி தொழிலாளியே என்பதால், மேஸ்திரி ஆள் என்ற காரணத்தைக் காட்டி உங்கள் கணவரை வகுப்புக்கு வெளியே நிறுத்தியது சட்டப்படி செல்லாது. உங்களுக்குப் புரியாத மொழியில் ஓடிய வீடியோவைப் பயிற்சி என்று ஏற்க முடியாது என்பதே என் கருத்து. ஆலையில் ஒட்டப்படும் சட்டபூர்வ அறிவிப்புகளே பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்னும்போது, உயிரைக் காக்கும் பயிற்சிக்கு அது இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

கரோனா காலத்துப் பயிற்சி என்றால் முகக்கவசம், கைகழுவுதல், இடைவெளி என்பதோடு முடிந்துவிடும் என்று பல ஆலைகள் நினைக்கின்றன. அவை தேவைதான், நல்ல சுகாதாரப் பழக்கங்கள் குறித்து உற்பத்தி நிறுவனங்கள் பயிற்சி அளிக்க வேண்டும் என்று மத்திய உள்துறை அமைச்சகம் 2020 ஏப்ரல் 15 அன்றே உத்தரவிட்டது. ஆனால் வாரக்கணக்கில் மூடிக்கிடந்த ஆலையைத் திறக்கும்போது இன்னொரு ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது. பொதுமுடக்கத்தின்போது, 2020 மே 7 அன்று, விசாகப்பட்டினத்தில் ஓர் ஆலையிலிருந்து நச்சு வாயு கசிந்து பலர் உயிரிழந்தனர். அடுத்த 2 நாட்களில் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல், திறந்த முதல் வாரத்தைச் சோதனை ஓட்டமாகக் கொள்ள வேண்டும், அந்த வாரத்தில் அதிக உற்பத்தி இலக்கை எட்ட முயலக் கூடாது, விநோதமான சத்தம், வாடை, அதிர்வு, கசிவு, புகை ஆகியவற்றை அடையாளம் காணத் தொழிலாளர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்கிறது.

இதை உங்கள் ஆலையில் வைத்துப் பாருங்கள். நெல் ஊறவைக்கும் தொட்டியில் மே மாதத்துத் தண்ணீரும் அடியில் தங்கிய நெல்லும் பதரும் அழுகிக்கிடந்தால், அங்கே உயிர்வளி (ஆக்சிஜன்) குறைந்து, நச்சு வாயு சேர்ந்திருக்கும். திறந்த முதல் நாள் அதைக் கழுவ இறக்கப்படுபவர் அவியல் பகுதித் தொழிலாளி, அதாவது உங்கள் கணவர். ஆபத்தான வாயு இருக்கக்கூடிய தொட்டிக்குள் யாரையும் இறக்கக் கூடாது என்று தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-ஆவது பிரிவு தடுக்கிறது. வாயுவை வெளியேற்றச் செய்யக்கூடிய அனைத்தையும் செய்த பிறகு, தகுதியுள்ள ஒருவர் தாமே சோதித்து எழுத்தில் சான்று தந்திருக்க வேண்டும். இல்லையேல், இறங்குபவர் சுவாசக் கருவி அணிந்து, இடுப்புவாரில் கட்டிய கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். வாய்க்குத் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்குவது இதற்கு ஈடாகாது. பாய்லரும் அப்படித்தான்: அதன் சான்று நடப்பில் உள்ளதா, மூடியிருந்த காலத்துக்குப் பின் சோதித்தார்களா என்பதை அருகில் நின்று வேலை செய்பவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

உங்கள் கணவரின் கையெழுத்து கவலை தருவது இதனால்தான். தொட்டியில் ஏதேனும் நேர்ந்தால், ‘முழுப் பயிற்சி கொடுத்தோம், அவர்தான் மீறினார்’ என்று காட்ட ஆலையின் கையில் இருக்கப்போகும் முதல் ஆவணம் அந்தத் தாள். ஆகவே அவர் பெயரில் ஒரு சிறு கடிதம் போதும்: “ஆலை மீண்டும் திறப்பது தொடர்பாக எனக்கு இதுவரை எந்தப் பாதுகாப்புப் பயிற்சியும் அளிக்கப்படவில்லை. பயிற்சி பெற்றதாக என்னிடம் வாங்கப்பட்ட கையெழுத்து உண்மை நிலையைக் காட்டவில்லை. முகக்கவசம், இடைவெளி ஆகியவற்றோடு ஊறல் தொட்டி, பாய்லர், நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டரின் குழி பற்றியும் எனக்குத் தமிழில் பயிற்சி அளிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.” இதில் யாரையும் குற்றம் சாட்டவில்லை என்பதால் நிர்வாகமும் இதை அமைதியாக ஏற்க வழியுண்டு.

தொற்று வந்தால் ஆலை பொறுப்பல்ல என்ற வாசகம், நீங்கள் கையெழுத்திட்டாலும் உங்களைக் கட்டுப்படுத்தாது. வேலையினால் ஏற்படும் பாதிப்புக்கான இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. அதே நேரத்தில், கரோனா ஆலையில்தான் தொற்றியது என்று மெய்ப்பிப்பது அரிசி ஆலைத் தொழிலாளிக்கு எளிதல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். தொழில்வழி நோய்ப் பட்டியலில் தொற்றுநோய் பெரிதும் மருத்துவமனை போன்ற பணிகளுக்கே இடம்பெற்றுள்ளது. உங்கள் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருந்தால் அந்த வழி எளிது: தகுதிக்குரிய நாட்கள் சந்தா கட்டியிருந்தால், நோய்க்காலத்தில் ஆண்டுக்கு 91 நாட்கள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். அத்தொகையைப் பெற்றுக்கொண்டு சிகிச்சையில் இருப்பவரை அக்காலத்தில் வேலைநீக்கம் செய்யவும் இயலாது. இ.எஸ்.ஐ. பொருந்தும் ஆலையில் மேஸ்திரி ஆட்களுக்கும் சந்தா செலுத்தும் பொறுப்பு முதன்மை முதலாளியான ஆலைக்கே உண்டு; கணவருக்குப் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

400 ரூபாய்ப் பிடித்தம் தவறு. சட்டப்படி ஆலை செய்துதர வேண்டிய ஏற்பாட்டுக்குத் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது தொழிற்சாலைகள் சட்டத்தின் 114-ஆவது பிரிவு; பிடித்துவிட்டால் 12 மாதங்களுக்குள் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்தின்கீழ் மனுச் செய்யலாம். ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு அன்றைய நேரத்துக்குரிய சம்பளத்தைக் கேளுங்கள். இரட்டைச் சம்பளம் வாரத்தில் 48 மணி நேரத்தையோ நாளில் 9 மணி நேரத்தையோ தாண்டினால்தான் வரும். மூடியிருந்த வாரத்துக்கு அதைக் கேட்டு வாதாட வேண்டாம்.

வேலை போய்விடுமோ என்ற உங்கள் பயத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆபத்து என்று சொல்லி வேலைக்கே வராமலிருக்கும் உரிமையைத் தொழிற்சாலைகள் சட்டம் அரிசி ஆலைத் தொழிலாளிக்கு வெளிப்படையாகத் தரவில்லை. வீட்டில் இருந்தால் அனுமதியின்றி வராதவர் என்று எழுதிவிடுவார்கள். எனவே இருவரும் திறக்கும் நாளில் தவறாமல் போய் வருகைப் பதிவு செய்யுங்கள். உங்களிடம் தாளை மறுபடி நீட்டினால், வீடியோ பார்த்தது உண்மை என்பதால் அதை மட்டும் உங்கள் கையால் எழுதி, தேதியுடன் கையெழுத்திடுங்கள். மற்ற வேலைகளைச் செய்துகொண்டே, சோதிக்காத தொட்டிக்குள் இறங்க மட்டும் கணவர் மறுக்கட்டும்.

நிர்வாகம் அசையாவிட்டால், உங்கள் பகுதிக்குரிய தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத் துறை அலுவலகத்துக்குப் புகார் அனுப்புங்கள். புகார் தந்தவர் யார் என்பதையும், புகாரின்பேரில்தான் ஆய்வுக்கு வந்தோம் என்பதையும் ஆய்வாளர் ஆலைக்குச் சொல்லக் கூடாது என்று தொழிற்சாலைகள் சட்டத்தின் 118-ஏ பிரிவு தடுக்கிறது. எவ்வளவு சொல்லியும் வேலையிலிருந்து நீக்கினால், சங்கம் இல்லாமலே தனியாளாகத் தொழிலாளர் அலுவலரிடம் தாவா எழுப்பலாம். அதற்குத் தொழில் தகராறுகள் சட்டத்தின் 2-ஏ பிரிவு இடம் தருகிறது. கணவரின் கடிதத்தைச் சேர்ந்ததற்கான ஒப்புகை கிடைக்கும் தபாலில், ஆலை திறப்பதற்கு முன்பே போய்ச் சேரும்படி அனுப்பி, நகலையும் ரசீதையும் வீட்டில் பத்திரப்படுத்துங்கள்.