பிரஷர் இல்லாதபோதும் டிஜிட்டல் இண்டிகேட்டர் 2.0 பார் காட்டுவது ஏன்?

கேள்வியில் உள்ள விவரம்: பாய்லர் ஸ்டீம் லைனில் 0-10 பார், 4-20 மில்லி ஆம்ப், இரண்டு வயர் டிரான்ஸ்மிட்டர் (பிரஷரைக் கரன்ட்டாக மாற்றி இண்டிகேட்டருக்கு அனுப்பும் கருவி; 0 பாருக்கு 4, 10 பாருக்கு 20 மில்லி ஆம்ப்). பிரஷர் இல்லாதபோது இண்டிகேட்டரில் 2.0, டயல் கேஜில் 5 இருக்கும்போது 6.0. ஆஃப்செட்டில் (ரீடிங்கோடு எப்போதும் ஒரே எண்ணைக் கூட்டும் அல்லது கழிக்கும் செட்டிங்) -2 போட்டால் சரியாகுமா?

போடாதீர்கள். தவறு எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருந்தால்தான் ஆஃப்செட் வேலை செய்யும். உங்களுக்கு 0-வில் 2 அதிகம், 5-இல் 1 அதிகம். 10-க்குப் போனால் சரியாக 10 காட்டும். இப்படிக் குறைந்துகொண்டே போனால் இண்டிகேட்டரின் இன்புட் வகை 4-20-க்குப் பதில் 0-20-இல் இருக்கிறது என்று அர்த்தம். 4 மில்லி ஆம்ப் என்பது 20-இல் ஐந்தில் ஒரு பங்கு, அதுதான் அந்த 2 பார். 5 பாரில் 12 மில்லி ஆம்ப் வரும், அதை 6 என்று காட்டும். கணக்கு அப்படியே பொருந்துகிறது. இதில் -2 போட்டால் ஜீரோ அழகாக வரும், ஆனால் உண்மையில் 10 பார் இருக்கும்போது 8 என்று காட்டும். பாய்லரில் குறைத்துக் காட்டும் மீட்டரைவிட மீட்டரே இல்லாதது மேல்.

மெனுவைத் தொடும் முன் கரன்ட்டை அளந்துவிடுங்கள். டிரான்ஸ்மிட்டரை ஐசொலேட் செய்து (ஸ்டீம் வரும் வால்வை மூடி), வென்ட் திறந்து உள்ளே இருக்கும் பிரஷரை வெளியேற்றி, பிளஸ் வயரைக் கழற்றி மல்டிமீட்டரை சீரீஸில் போடுங்கள். சிவப்பு புரோப் மில்லி ஆம்ப் ஜாக்கில் இருக்க வேண்டும். அப்படியே 24 வோல்ட்டுக்குக் குறுக்கே வைத்தால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். 4.00 வந்தால் டிரான்ஸ்மிட்டர் மேல் பழி இல்லை.

பிறகு இன்புட் வகையை 4-20-க்கு மாற்றுங்கள். வகையை மாற்றியதும் பல மாடல்களில் ஸ்கேலிங் பழைய நிலைக்குப் போய்விடும், அதனால் கீழ் மதிப்பு 0.0, மேல் மதிப்பு 10.0, தசமப் புள்ளி மூன்றையும் திரும்பப் பாருங்கள். புள்ளியைக் கடைசியில் நகர்த்தினால் 10.0 என்பது 1.00 ஆகிவிடுவது அடிக்கடி நடப்பது. கேலிபிரேட்டர் (வேண்டிய கரன்ட்டைத் துல்லியமாகக் கொடுக்கும் கருவி) இருந்தால் 4, 12, 20 மில்லி ஆம்ப் கொடுத்து 0.0, 5.0, 10.0 வருகிறதா என்று பார்த்துவிடலாம்.

0-20-இல் விட்டுவைப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு: வயர் அறுந்தால் கரன்ட் 0, டிஸ்ப்ளேயிலும் 0.0. பாய்லர் ஆறிவிட்டது என்று ஆபரேட்டர் நினைப்பார். 4-20-இல் அதே நிலையில் -2.5 அல்லது ஓப்பன் என்று வரும். சென்சார் பிரேக் செட்டிங்கை (வயர் அறுந்தால் என்ன காட்ட வேண்டும் என்பது) அப்-ஸ்கேலில், அதாவது ரீடிங் உச்சத்துக்குப் போகும்படி வையுங்கள். வயர் போனாலும் ஹை அலாரம் ரிலே அடிக்கும். பழைய தவறான ரீடிங்கைப் பார்த்து யாராவது அலாரம் செட் பாயின்ட்டைக் கூட்டி வைத்திருப்பார்கள், அதையும் மறக்காமல் பழையபடி வையுங்கள்.

ஆஃப்செட் நியாயமாகத் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. டிரான்ஸ்மிட்டர் ஸ்டீம் டேப்பிங்குக்கு (ஸ்டீம் லைனில் இணைப்பு எடுக்கும் இடம்) 2 மீட்டர் கீழே இருந்தால், இரண்டையும் இணைக்கும் இம்பல்ஸ் பைப்பில் நிற்கும் கண்டென்சேட் (ஸ்டீம் ஆறி ஆன) தண்ணீரின் எடையால் எப்போதும் சுமார் 0.2 பார் கூடுதலாகக் காட்டும். அங்கே -0.2 போடலாம், பைப் முழுக்கத் தண்ணீர் நிறைந்திருக்கும்போது பார்த்துப் போடுங்கள்.