ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் போலீஸ் என்ன பண்ணணும்? டாக்டர் பதில்கள்

கேள்வி: போலீஸ்ல புதுசா சேர்ந்திருக்கேன் டாக்டர். விபத்து, வெட்டுக்குத்துன்னா ஆம்புலன்ஸுக்கு முன்னாடி நாங்கதான் போய் நிக்கிறோம். ட்ரெயினிங்ல டூர்னிக்கெட், அதான் ரத்தத்த நிறுத்த கை காலை இறுக்கிக் கட்டுற பட்டை, அதைக் கட்ட சொல்லிக்கொடுத்தாங்க, ஆனா சீனியர் ஒருத்தர் அதைக் கட்டினா காலையே எடுக்க வேண்டி வரும், தொடாதேங்குறார். யார் சொல்றத கேக்குறது?

பதில்: ட்ரெயினிங்ல சொன்னதையே கேளுங்க. பெரிய ரத்தக்குழாய் அறுந்தா சில நிமிஷத்துலயே உயிர் போயிடலாம், ஆனா டூர்னிக்கெட் 2 மணி நேரம் வரைக்கும் இருந்தாலும் பெரும்பாலும் கை காலுக்கு நிரந்தர பாதிப்பு வராது. க்ளவுஸ் போட்டுக்கிட்டு முதல்ல காயத்து மேலயே துணிய வெச்சு உடம்போட முழு வெயிட்டையும் போட்டு அழுத்துங்க, சும்மா சும்மா எடுத்து எடுத்து பாக்காதீங்க. கை, கால்ல ரத்தம் பீறிட்டா இல்ல அழுத்தியும் நிக்கலைன்னா காயத்துக்கு 5, 7 செ.மீ. மேல, மூட்டு மேல படாம டூர்னிக்கெட்டை கட்டி, ரத்தம் நிக்கிற வரைக்கும் முறுக்குங்க. நல்லா வலிக்கும், அவர் கத்துவார், அதுக்காக லூஸ் பண்ணிடாதீங்க. கட்டின டைம எழுதி வைங்க. கயிறு, வயரெல்லாம் வேணாம், சதைய அறுத்துடும். இடுப்பு மடிப்பு, அக்குள்ல இதை கட்ட முடியாது, அங்க காயத்துக்குள்ளயே துணிய திணிச்சு அழுத்தணும். கத்தி குத்தின மாதிரியே நின்னா அதை உருவவே கூடாது.

கேள்வி: கைது பண்றப்ப திமிறிக்கிட்டே இருந்த ஆள் திடீர்னு அமைதியாயிட்டா, நடிக்கிறாரா நிஜமான்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

பதில்: அந்த ஆராய்ச்சியே வேணாங்க, ஆபத்துன்னே எடுத்துக்கோங்க. கை பின்னாடி விலங்கு, ஆள் குப்புற, முதுகு மேல ரெண்டு பேர் முட்டின்னா நெஞ்சு விரியவே இடமிருக்காது. "பேசுறான்ல, மூச்சு இருக்கு"ன்னு சொல்றது ரொம்ப தப்பு, மூச்சு முட்டுது முட்டுதுன்னு சொல்லிக்கிட்டே செத்துப்போனவங்க இருக்காங்க. விலங்கு மாட்டின உடனே மேல இருந்து எறங்கி, அவரை ஒருக்களிச்சு படுக்க வைங்க இல்ல உக்கார வைங்க, பக்கத்துலயே ஒருத்தர் இருந்து மூச்ச கவனிக்கணும்.

கூப்பிட்டா அசைவே இல்ல, மூச்சும் இல்ல, இல்லைன்னா எப்பவாச்சும் ஒரு தடவை கொர்ருனு இழுக்குது, அவ்ளோதான்னா அது மூச்சில்லைங்க, இதயம் நின்னிருக்கலாம். ஆம்புலன்ஸுக்கு சொல்லிட்டு, விலங்க கழட்டி, மல்லாக்க படுக்க வெச்சு நடு நெஞ்சுல நிமிஷத்துக்கு 100லேர்ந்து 120 தடவை, 5, 6 செ.மீ. இறங்குற மாதிரி அழுத்துங்க. ஏ.இ.டி. மெஷின் (இதயத்துக்கு ஷாக் கொடுக்கிற கருவி) கிடைச்சா உடனே அதோட பேட நெஞ்சுல ஒட்டிடுங்க, என்ன பண்ணணும்னு அதுவே குரல்ல சொல்லும். கை ஓஞ்சு போகும், 2 நிமிஷத்துக்கு ஒரு ஆள் மாத்திக்கோங்க.