கடைசிப் பாட்டு மட்டும் இரைந்தால் ஊசியை மாற்ற வேண்டுமா?

"ரெக்கோர்ட் பிளேயரில் முதல் பாட்டு நல்லாப் போகுது, உள்பக்கக் கடைசிப் பாட்டில் மட்டும் 'ஸ்' எல்லாம் கிழியுது, புது ஊசி போடவா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பொறுங்கள். தேய்ந்த ஊசியும் உள்பக்கத்தில்தான் முதலில் காட்டிக்கொடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் செலவில்லாத வேலையை முதலில் பாருங்கள்: ஊசி பள்ளத்துக்கு நேராக நிற்கிறதா என்று.

லோஃப்கிரென் ஏ (பேர்வால்ட்) கணக்கில் வரைந்த புரொட்ராக்டரை, அதாவது ஊசியின் கோணம் பார்க்கும் கோடுபோட்ட தாளை, 100% அளவில் பிரிண்ட் எடுங்கள். நடுத்தண்டின் மையத்திலிருந்து இரண்டு புள்ளிகளும் 66, 120.9 மில்லிமீற்றரில் விழுகின்றனவா என்று அடிமட்டத்தால் அளந்த பிறகே நம்புங்கள். கார்ட்ரிட்ஜின் (ஊசி பூட்டிய சின்னப் பெட்டி) இரண்டு திருகாணிகளையும் விரலால் தள்ளினால் நகருமளவுக்கு மட்டும் தளர்த்துங்கள். வெளிப்புள்ளியில் ஊசியை இறக்கி, முன்னாலிருந்து டோர்ச் அடித்து, கான்டிலிவர் (ஊசிமுனையைத் தாங்கும் மெல்லிய குச்சி) கோடுகளோடு ஒத்து நிற்கும்வரை திருப்புங்கள். ஹெட்ஷெல்லின் (கார்ட்ரிட்ஜ் பூட்டும் கைமுனை) ஓரத்தைப் பார்த்து நேராக்குகிறவர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். தட்டைத் தொடுவது ஓரமல்ல.

அடுத்தது உள்புள்ளி. கார்ட்ரிட்ஜின் மூக்கு நடுத்தண்டுப் பக்கம் சாய்ந்தால் கார்ட்ரிட்ஜை ஒரு மயிரளவு முன்னே தள்ளுங்கள்; வெளியே பார்த்தால் பின்னே. திரும்ப வெளிப்புள்ளி, திரும்ப உள்புள்ளி, இரண்டும் ஒக்கும்வரை. திருகாணியை மாறிமாறி இறுக்குங்கள். ஒன்றையே முறுக்கினால் எல்லாம் திரும்பிவிடும். டெக்னிக்ஸ் எஸ்.எல்-1200 என்றால் கொம்பனி சொல்வது ஹெட்ஷெல்லின் ரப்பர் வளையத்திலிருந்து ஊசிமுனைக்கு 52 மில்லிமீற்றர். அது வேறு கணக்கு, இதோடு கலக்காதீர்கள். நிமிடத்துக்கு 45 சுற்றுச் சுற்றும் பழைய சினிமாத் தட்டுகள்தான் அதிகம் என்றால் ஸ்டீவன்சன் கணக்கு (60.3, 117.4) நல்லது, அவற்றில் பாட்டு லேபிளுக்குக் கிட்டவரை போகும்.

கார்ட்ரிட்ஜ் நகர்ந்தால் ஊசி தட்டில் அழுத்தும் பாரமும் மாறும். கொழும்பு செட்டியார் தெரு நகைக்கடைகளில் பாவிப்பதுபோல 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு போதும். தராசின் தட்டு இரும்பாக இருந்தால் கார்ட்ரிட்ஜின் காந்தம் இழுத்துப் பிழையாகக் காட்டும். மேலே தடித்த பிளாஸ்டிக் துண்டு வைத்து, ரெக்கோர்ட் நிற்கும் உயரத்திலேயே நிறுங்கள். ஏ.டி-வி.எம்95ஈ கார்ட்ரிட்ஜுக்கு 2 கிராம், ஓர்டோஃபோன் 2எம் ரெட் 1.8. குறைத்து வைத்தால் தட்டுக்கு நல்லதென்பது பொய். தளர்ந்த ஊசி பள்ளத்தின் சுவரில் அடிபடும். ஆன்டி-ஸ்கேட்டையும் (கை உள்பக்கம் இழுபடாமல் பிடிக்கும் அமைப்பு) அதே எண்ணில் தொடங்குங்கள். வலது ஸ்பீக்கர் மட்டும் கிழிந்தால் கொஞ்சம் கூட்டுங்கள்.

கேட்காத ஒன்றும் சொல்கிறேன். 100 வோல்ட் ஜப்பான் பிளேயரை விற்கிறவர்கள் "ஒரு ட்ரான்ஸ்போமர் போட்டால் சரி" என்பார்கள். ட்ரான்ஸ்போமர் வோல்ட்டை மாற்றும், ஹேர்ட்ஸை மாற்றாது. ஒசாகாப் பக்கத்து 60 ஹேர்ட்ஸ் கப்பி (pulley) பூட்டிய ஏ.சி. மோட்டர், பெல்ட் பிளேயர் என்றால் இலங்கையின் 50 ஹேர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும். பெல்ட் இல்லாமல் மோட்டரே நேராகச் சுற்றும், குவாட்ஸ் வேகம் பிடிக்கும் டைரெக்ட் டிரைவுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.