நாமினி இருக்கும்போது உயில் எதற்கு?

அப்பாவுக்கு 72 வயது, சென்னையில் தனி வீடு, பேங்கில் டெபாசிட், அதற்கு அம்மா நாமினி. இதற்கு மேல் உயிலும், அந்த உயிலுக்குக் கோர்ட் தரும் சான்றான ப்ரொபேட்டும் தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்துக் குடும்பம் என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன்.

உயில் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான். அது யாருக்குச் சொந்தம் என்பதை உயிலோ வாரிசுரிமைச் சட்டமோதான் முடிவு செய்யும். ஷேர்களுக்கும் இதே நிலைதான் என்று 2023 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது.

உயில் இல்லாவிட்டால் 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அப்பாவின் பங்கு அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் சமமாகப் பிரியும். உங்கள் அப்பாவைப் பெற்ற பாட்டி உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. இதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. பாட்டியும் எழுதிவைக்காமல் போனால் அந்தப் பங்கு அத்தை, சித்தப்பா வரை போகும்.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். பதிவு செய்வதும் கட்டாயமில்லை. ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். முக்கியமானது இரண்டு சாட்சிகள். பின்னாளில் அவர்களில் ஒருவராவது கோர்ட்டுக்கு வந்து, "ஆமாம், என் கண்முன்னால்தான் கையெழுத்துப் போட்டார்" என்று சொல்ல வேண்டியிருக்கும். எங்கள் பெரியப்பாவின் உயிலில் சாட்சி போட்ட இருவரும் அவரோடு வேலை பார்த்தவர்கள், அவர் வயதுக்காரர்கள். அவர் காலமாவதற்குள் இருவரும் போய்விட்டார்கள். அப்புறம் ஒரு சாட்சியின் மகனைத் தேடிப்பிடித்து, பழைய பென்ஷன் தாள்களைக் காட்டி, இது என் அப்பா கையெழுத்துதான் என்று சொல்லவைக்க வேண்டியிருந்தது. அதற்குள் பெரியப்பாவின் இளைய மகன் கேவியட் என்ற ஆட்சேபணை போட, ப்ரொபேட் கேட்ட மனு டி.ஓ.எஸ். வழக்காக, அதாவது முழு விசாரணை நடக்கும் உயில் வழக்காக மாறி வருடக்கணக்கில் இழுத்தது. அதனால் அப்பாவைவிட நன்றாக வயது குறைந்தவர்களைச் சாட்சியாகப் போடுங்கள். சொத்தில் பங்கு பெறுகிறவர் வேண்டாம். குடும்ப டாக்டர் ஒருவராக இருந்தால் ரொம்ப நல்லது, "சுயநினைவோடுதான் எழுதினாரா?" என்பதுதான் முதல் சண்டையாக வரும்.

சரி, ப்ரொபேட். உயில் உண்மையானது என்று கோர்ட் சான்று கொடுப்பதுதான் அது. சொத்து அப்பாவுடையதுதானா என்பதை அங்கே பார்க்க மாட்டார்கள். 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213-ஆம் பிரிவால் சென்னை எல்லைக்குள் எழுதிய உயிலுக்கும் சென்னைச் சொத்துக்கும் இது கட்டாயமாக இருந்தது; மதுரைக்காரர் மதுரை வீட்டுக்கு மதுரையில் எழுதினால் தேவையில்லை. 2025 டிசம்பரில் பார்லிமென்ட் அந்தப் பிரிவையே நீக்கிவிட்டது. ஒற்றுமையான குடும்பங்களுக்குப் பெரிய நிம்மதி. தகராறு வரும் என்று தெரிந்தால் இப்போதும் வாங்கிவைக்கலாம். அதற்கு உயிலை நிறைவேற்றுபவர் ஒருவரின் பெயர் உயிலிலேயே இருக்க வேண்டும்.

யாராவது, "உயில் எதற்கு, செட்டில்மென்ட் எழுதிவிடுங்கள்" என்பார்கள், அதாவது உயிரோடு இருக்கும்போதே சொத்தைப் பத்திரம் போட்டு எழுதிக்கொடுப்பது. குடும்பத்துக்குள் என்பதால் தமிழ்நாட்டில் கட்டணமும் குறைவுதான். ஆனால் உயிலை அப்பா எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மென்ட் அப்படியில்லை, மனம் மாறினாலும் தன்னிஷ்டத்துக்கு ரத்து செய்ய முடியாது. இந்த வயதில் அவர் பெயரிலிருந்து வீட்டை எடுப்பதில் எனக்குத் துளியும் சம்மதமில்லை. எழுதியே ஆக வேண்டும் என்றால், பெற்றோரைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். அந்த வரி இருந்தால்தான் 2007 மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவை வைத்து ரத்து கேட்பது சுலபம்.