யாருக்குக் காதலி?

கேள்வி: மெக்சிகோவில் ஆஸ்டெக் பேரரசை அழித்த ஸ்பானியத் தளபதி கோர்ட்டெஸுக்குக் காதலியாகவும் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்த மலின்ச்சே, சொந்த இனத்தைக் காட்டிக்கொடுத்தது துரோகம்தானே?
- ஒரு வாசகர், கோவில்பட்டி

பதில்: துரோகத்துக்கு அப்புறம் வருகிறேன். அந்தக் 'காதலி' எங்கிருந்து வந்தாள்? 1519 மார்ச்சில் தபாஸ்கோ கரையில் தோற்றுப்போன மாயா தலைவர்கள், சமாதானம் பேச வந்தபோது தங்க நகைகள், துணிமணிகளோடு இருபது பெண்களையும் கொண்டுவந்து ஒப்படைத்தார்கள். அதில் ஒருத்தி இவள். மரீனா என்று ஞானஸ்நானப் பெயர் வைத்து, போர்த்தோகரேரோ என்ற தன் கூட்டாளிக்குக் கொடுத்தான் கோர்ட்டெஸ். சில மாதங்களில் அந்த ஆளை ஸ்பெயினுக்குக் கப்பலேற்றிவிட்டுத் தானே வைத்துக்கொண்டான். மார்ட்டின் என்று ஒரு மகன் பிறந்தான். 1524இல் ஹோண்டுராஸுக்குப் படை நடத்திப் போகும் வழியில் ஹராமிய்யோ என்பவனுக்குக் கட்டிக்கொடுத்தான். இதற்குப் பெயர் காதலா ஐயா?

சரித்திரத் தொடர்கதைக்காரர்களோடு எனக்கு நெடுநாள் பகை உண்டு. சிறைபிடித்த பெண்ணை அடுத்த வாரமே நிலா வெளிச்சத்தில் நிறுத்தி நாணிக் கோணவைத்துவிடுவார்கள். அதைப் படித்து வளர்ந்த பழக்கம் மெக்சிகோவரைக்கும் போகிறது.

அவளுடைய வேலைக்கு வருவோம். கப்பல் உடைந்து யுகதானில் கரையொதுங்கி, எட்டு வருஷம் மாயாக்களிடம் கிடந்து அவர்கள் பேச்சைக் கற்றவர் அகிலார் என்ற ஸ்பானியர். அவரை வைத்துத்தான் கோர்ட்டெஸ் சமாளித்துவந்தான். ஆஸ்டெக் பேரரசன் மொக்தெசுமாவின் ஆட்கள் வந்து நாவா மொழியில் பேசியதும் அகிலார் வாயடைத்துப்போனார். இருபது பேரில் இவளுக்கு இரண்டும் தெரியும் என்பது அப்போதுதான் வெளிப்பட்டது. அதற்குப் பிறகு கோர்ட்டெஸ் ஸ்பானியத்தில் சொல்ல, அகிலார் மாயாவில் சொல்ல, இவள் நாவாவில் சொல்ல, பதில் அதே வழியாகத் திரும்பி வரும். பேசியது அரிசி பருப்பு விலை இல்லை. கன்னி மாதா, ஒரே கடவுள் மூவராக இருக்கும் திரித்துவம், கடலுக்கு அப்பால் இருக்கும் சக்கரவர்த்தி! நம் தேர்தல் மேடைகளில் வடநாட்டுத் தலைவர் ஐந்து நிமிடம் கைவீசி முழங்குவார். பக்கத்தில் நிற்பவர், "உங்களையெல்லாம் பார்த்ததில் அவருக்கு ரொம்ப சந்தோஷமாம்" என்று முடிப்பார். கூட்டம் கைதட்டும். தான் சொன்ன புள்ளிவிவரத்துக்குத்தான் தட்டுகிறார்கள் என்று தலைவர் பூரித்துப்போவார். நம்மிடம் ஒருவர்தான் குறுக்கே நிற்கிறார். அங்கே இரண்டு பேர். திரித்துவத்தில் எத்தனை பேர் மொக்தெசுமாவிடம் போய்ச் சேர்ந்தார்களோ! கொஞ்ச நாளில் அவளே ஸ்பானியம் கற்றுக்கொண்டாள். அகிலாருக்கு வேலை குறைந்தது.

இப்போது உங்கள் 'சொந்த இனம்'. கோவாட்சகோவால்கோஸ் பக்கத்துப் பெண் அவள். ஆஸ்டெக்குகள் பேசிய நாவாதான் அவளுக்கும் தாய்மொழி. ஆனால் அவள் ஆஸ்டெக் அல்ல. அப்பா செத்தபின் அம்மா மறுமணம் செய்து, புது மகனுக்குச் சொத்து சேர வேண்டும் என்று இவளைக் கைகழுவி, செத்துவிட்டாள் என்று ஊருக்குச் சொன்னதாகக் கோர்ட்டெஸின் படைவீரர் பெர்னால் தியாஸ் எழுதுகிறார். அவள் யாருக்கு விசுவாசமாக இருந்திருக்க வேண்டும்? அம்மாவுக்கா, கைமாற்றி வாங்கியவர்களுக்கா? 1521இல் ஆஸ்டெக் தலைநகர் தெனோச்சித்லானை முற்றுகையிட்ட ஸ்பானியர்கள் ஆயிரம் பேர்கூட இல்லை. கூட நின்றவர்கள் அதே மண்ணின் த்லாஷ்கலா முதலிய ஊர்களின் பல்லாயிரம் ஆண்கள். முந்தைய வருஷமே பெரியம்மை நகரத்துக்குள் புகுந்து புது அரசனையும் கொன்றிருந்தது. பெரியம்மையை யாரும் துரோகி என்பதில்லை. த்லாஷ்கலா ஆண்களைப் பற்றி நீங்களும் கேட்கவில்லை.

சோலுலா நகரத்துப் படுகொலையைச் சொல்வீர்கள். ஸ்பானியர்களைத் தாக்கப்போகும் சதியை ஒரு கிழவி சொல்ல, இவள் போய் கோர்ட்டெஸிடம் சொல்ல, ஊரே வெட்டப்பட்டது என்று. அந்தக் கதையை எழுதிவைத்தவர்கள் வெட்டியவர்கள்தான்.

கோர்ட்டெஸ் மன்னருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில் அவள் பெயரில்லாத ஓர் இந்தியப் பெண். பெர்னாலோ 'தோன்யா மரீனா' என்று மரியாதை விடாமல் எழுதுகிறார். மெக்சிகோ மண்ணையே மிதிக்காத கோமரா 1552இல் வெளியிட்ட சரித்திரத்தைப் பார்த்துக் கொதித்து, குவாத்தமாலாவில் உட்கார்ந்து எழுதிய கிழவர் அவர். 1575இல் ஸ்பெயினுக்கு அனுப்பிய அந்தக் கையெழுத்துப் பிரதி அச்சேறியது 1632இல். மூன்றாவது வாரமே போன் செய்து "என் கவிதை என்னாச்சு சார்?" என்று கோபிக்கும் அன்பர்கள் கவனிக்க.