பேரன்ட் ஐடி படுத்தும் பாடு: கேள்வி பதில்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் டேட்டாபேஸ் வேலை பார்ப்பவர்கள் கேட்டவை இவை. எல்லாமே ஒரே டேபிளுக்குள் மரம் மாதிரி அடுக்கிய டேட்டா பற்றித்தான்.

ஓசூர்: அக்கா, மெஷின் பாகங்களுக்கு ஒரு டேபிள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பேரன்ட் ஐடி (அதற்கு மேலே உள்ள பாகத்தின் எண்). கீழே உள்ள பாகங்களை எடுக்க போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ரிக்கர்சிவ் ஃபங்ஷன் (தன்னையே கூப்பிடும் ஃபங்ஷன்) எழுதினேன். மேலிருந்து ஓட்டினால் சரியாக ஓடுகிறது. சில பாகங்களில் தொடங்கினால் மட்டும் ஸ்டாக் டெப்த் லிமிட் (எத்தனை ஆழம் கூப்பிடலாம் என்ற வரம்பு) தாண்டியது என்று நின்றுவிடுகிறது. லிமிட்டைக் கூட்டட்டுமா?

கூட்டாதீர்கள் தம்பி, கொஞ்சம் தாமதமாக நிற்கும், அவ்வளவுதான். டேட்டாவில் வளையம் இருக்கிறது: உதாரணத்துக்கு, 12-க்கு பேரன்ட் 40, 40-க்கு 77, 77-க்கு மறுபடி 12. மேலிருந்து ஓடுவதை நம்பி ஏமாந்துவிடாதீர்கள். ஒரு பாகத்துக்கு ஒரே பேரன்ட் என்பதால் வெளியிலிருந்து அந்த வளையத்துக்குள் நுழைய வழியே கிடையாது. அந்த மூன்றும் அவற்றின் பிள்ளைகளும் ரிப்போர்ட்டில் சத்தமில்லாமல் விடுபட்டிருக்கும். ரூட்டிலிருந்து (மரத்தின் உச்சியிலிருந்து) எட்டாத ஐடிகளை முதலில் பட்டியல் போடுங்கள். வளையத்தில் மாட்டியவை, பேரன்ட் அழிந்துபோனவை இரண்டுமே அதில் சிக்கும்.

அப்புறம் ஃபங்ஷனை விட்டுவிட்டு வித் ரிக்கர்சிவ் எழுதுங்கள். முதல் செலக்ட் தொடக்க வரிகளைத் தரும், ரிக்கர்சிவ் பகுதி அவற்றிலிருந்து படிப்படியாக அடுத்த வரிகளை எடுக்கும், இரண்டையும் யூனியன் ஆல் சேர்க்கும். வந்த வழியை ஒரு அர்ரேயில் (ஐடிகளின் பட்டியலில்) சேர்த்துக்கொண்டே போய், அதில் ஏற்கெனவே இருக்கும் ஐடி வந்தால் நிறுத்துங்கள். போஸ்ட்கிரெஸ் பதிப்பு 14 முதல் இதற்கென்றே சைக்கிள் என்று ஒரு பிரிவு இருக்கிறது. யூனியன் ஆல் என்பதை வெறும் யூனியன் ஆக்கினால் போதும், திரும்ப வரும் வரியை அது நீக்கிவிடும் என்று யாராவது சொல்வார்கள். லெவல் எண்ணும் நெடுவரிசை இருந்தால் அது பலிக்காது. சுற்றுக்குச் சுற்று லெவல் கூடுவதால் ஒவ்வொரு வரியும் புது வரியாகத்தான் தெரியும்.

பாலக்கோடு: மைஎஸ்கியூஎல் ஃபங்ஷன் தன்னையே கூப்பிட்டால் 1424 பிழை வருகிறது.

அங்கே அதற்கு அனுமதியே இல்லை. புரொசீஜருக்கு உண்டு, ஆனால் ஆழ வரம்பு இயல்பாக 0, ஏற்றினாலும் 255 தான். 8.0 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்புக்கு மாறி வித் ரிக்கர்சிவ் எழுதுங்கள்.

காவேரிப்பட்டணம்: நான் மைஎஸ்கியூஎல் 8.0-க்கு மாறிவிட்டேன். மாம்பழக்கூழ் லாட் எந்த லாட்டிலிருந்து வந்தது என்று பாத் (வந்த வழியின் ஐடிகள்) ஒட்டிக்கொண்டே போனால் 'டேட்டா டூ லாங்' என்கிறது.

நெடுவரிசையின் அகலத்தை முதல் செலக்ட்டே முடிவுசெய்துவிடும். அங்கே ஐடி 3 எழுத்து என்றால் கடைசிவரை 3 எழுத்துதான். முதல் செலக்ட்டிலேயே காஸ்ட் (வகை மாற்றம்) போட்டு கேர் 500, அதாவது 500 எழுத்து அகலம், ஆக்குங்கள். பாத்தை வைத்து வரிசைப்படுத்துவதானால் ஐடிக்கு முன்னால் பூஜ்யங்கள் சேருங்கள். இல்லாவிட்டால் 2-க்கு முன்னால் 10 வந்து நிற்கும்.

அரூர்: மாவட்டம், வட்டம், குறுவட்டம், கிராமம் என்று இணைப்பு டேபிள், தொடக்கத் தேதி முடிவுத் தேதியோடு. ஓசூர் வட்டத்துக் கிராமமெல்லாம் இரண்டு முறை வருகிறது சார்.

சார் இல்லை, அக்கா! 2004 பிப்ரவரியில் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. உங்கள் டேபிளில் ஓசூருக்குப் பழைய இணைப்பு ஒன்று, புது இணைப்பு ஒன்று இருக்கும். தேதி நிபந்தனையைக் கடைசி செலக்ட்டில் வைத்திருப்பீர்கள். கிராமத்தின் இணைப்பு இன்றும் செல்லும். காலாவதியானது நடுவில் உள்ள வட்டத்தின் இணைப்பு. அதனால் நிபந்தனை ரிக்கர்சிவ் பகுதியின் ஜாயினுக்குள்ளேயே இருக்க வேண்டும், ஒவ்வொரு படியிலும் அது சோதிக்கப்படும்.

ஊத்தங்கரை: எஸ்கியூஎல் சர்வரில் 100 படியில் நின்றுவிடுகிறது.

அதன் இயல்பான வரம்பே அதுதான். வரம்பை மாற்றும் மேக்ஸ்ரிக்கர்ஷன் என்ற குறிப்பு 32767 வரை போகும், 0 கொடுத்தால் வரம்பே இல்லை. ஆனால் உங்கள் மரம் நிஜமாகவே 100 படி ஆழமா? இல்லையென்றால் ஓசூர் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள்.