டேஷ் கோடு முழுக்கோடாகத் தெரிந்தால் எங்கே பார்ப்பது?

கேள்வி: ஆட்டோகேடில் கட்டட வரைபடங்கள் வரைகிறேன். அளவு மில்லிமீட்டரில். மறைகோடு, மையக்கோடு எல்லாம் முழுக்கோடாகவே தெரிகின்றன. டேஷ் அளவைக் கூட்டிக் குறைக்கும் எல்டிஸ்கேலை 100 என்று வைத்தால் சில கோடுகள் சரியாகின்றன, மற்றவை அப்படியே நிற்கின்றன. 2500 வரை ஏற்றினால் அவை சரியாகின்றன, முதலில் சரியானவை கெட்டுப்போகின்றன. அச்சுத்தாளைக் காட்டும் லேஅவுட்டுக்குப் போனால் எல்லாமே முழுக்கோடு. போதாக்குறைக்கு, மற்றவர்கள் அனுப்பிய வரைபடங்களைச் சேர்த்துச் சேர்த்து, கோடுகளை வகை பிரித்து வைக்கும் லேயர் பட்டியல் எக்கச்சக்கமாக நீண்டுவிட்டது. எங்கே தொடங்குவது?

பதில்: நீங்கள் சொன்ன இரண்டு எண்களிலேயே விடை இருக்கிறது. 100க்கும் 2500க்கும் இடையே 25 மடங்கு வித்தியாசம். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர். உங்கள் வரைபடத்தில் பாதி லைன்டைப்கள் (கோட்டு வகைகள்) அங்குலக் கணக்கிலும் மீதி மில்லிமீட்டர் கணக்கிலும் இருக்கின்றன.

ஆட்டோகேடோடு இரண்டு லைன்டைப் கோப்புகள் வருகின்றன. அகாட் என்ற பெயரில் இருப்பது அங்குலத்துக்கு, அகாட்ஐஎஸ்ஓ என்பது மெட்ரிக்குக்கு. மறைகோட்டுக்கான ஹிட்டன் என்ற அதே பெயர் இரண்டிலும் உண்டு. முதல் கோப்பில் அதன் டேஷ் 0.25, இடைவெளி 0.125. இரண்டாவதில் டேஷ் 6.35, இடைவெளி 3.175. வரைபடத்துக்குள் ஏற்றிய பிறகு பெயர் மட்டும்தான் கண்ணில் படும். எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்று லைன்டைப் பட்டியல் சொல்லாது. மையக்கோட்டுக்கான சென்டர் ஒரு கோப்பிலிருந்தும் ஹிட்டன் இன்னொன்றிலிருந்தும் வந்திருந்தால், இரண்டுக்கும் பொருந்துகிற ஒரே எல்டிஸ்கேல் கிடைக்கவே கிடைக்காது. எத்தனை எண்ணைப் போட்டுப் பார்த்தாலும் ஒரு பக்கம் சரியாகி மறுபக்கம் கெடும்.

சரி, டேஷ் கோடு ஏன் முழுக்கோடாகத் தெரிகிறது? இதற்கு ஒன்றுக்கொன்று நேரெதிரான இரண்டு காரணங்கள் உண்டு. 5000 மில்லிமீட்டர் நீளக் கோடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். எல்டிஸ்கேல் 1 என்றால், மெட்ரிக் ஹிட்டனில் ஒரு டேஷும் ஓர் இடைவெளியும் சேர்ந்து 9.525 மில்லிமீட்டர். அந்தக் கோட்டுக்குள் ஐந்நூறுக்கும் மேற்பட்ட டேஷ்கள் நெருக்கியடித்து நிற்கும். முழு வரைபடத்தையும் திரையில் வைத்துப் பார்க்கும்போது அவை ஒன்றாகக் கலந்துவிடும். அதே கோட்டுக்கு எல்டிஸ்கேல் 2500 என்று கொடுத்தால் ஒரு டேஷே கிட்டத்தட்ட 15,900 மில்லிமீட்டர். கோட்டுக்குள் டேஷும் இடைவெளியும் சேர்ந்த ஒரு சுற்றுகூட அடங்காது. அப்படி அடங்காதபோது மென்பொருள் முனைக்கு முனை ஒரே கோடாக இழுத்துவிடும். எந்தப் பக்கம் தவறு என்று தெரிந்துகொள்ள, அந்தக் கோட்டை நன்றாக ஜூம் செய்து பாருங்கள். டேஷ் வெளிப்பட்டால் அளவு மிகச் சிறியது. எவ்வளவு நெருங்கினாலும் முழுக்கோடாகவே இருந்தால் அளவு மிகப் பெரியது, அல்லது அந்தக் கோட்டுக்கு முழுக்கோட்டு வகையான கன்டினியூவஸ் லைன்டைப்தான் கொடுக்கப்பட்டிருக்கிறது. எல்டிஸ்கேலைத் தொடுவதற்கு முன்னால் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். கூட்டுவதா குறைப்பதா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

இனி சரிசெய்வோம். முதலில் கோப்புக்கு ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மெஷர்மென்ட் என்ற மாறியை (கட்டளை வரியில் பெயரைத் தட்டி மாற்றும் அமைப்பு) 1 ஆக்குங்கள். மெட்ரிக் கோப்பைப் பயன்படுத்தச் சொல்வது அதுதான். ஆனால் ஏற்கெனவே ஏற்றப்பட்ட லைன்டைப்களை அது மாற்றாது. அதனால் லைன்டைப் கட்டளையைத் திறந்து, லோட் அழுத்தி, அகாட்ஐஎஸ்ஓ கோப்பைத் தேர்ந்தெடுத்து, நீங்கள் பயன்படுத்தும் ஒவ்வொரு லைன்டைப்பையும் மறுபடி ஏற்றுங்கள். ‘ஏற்கெனவே இருக்கிறது, மறுபடி ஏற்றவா?’ என்று கேட்கும். ஆம் என்று சொல்லுங்கள். அந்த லைன்டைப்பில் இருக்கும் பழைய கோடுகள் எல்லாம் புதிய அளவுக்கு வந்துவிடும்.

அடுத்து, அளவை முடிவு செய்யும் நான்கு மாறிகள். எல்டிஸ்கேல் முழு வரைபடத்துக்கும் பொது. செல்ட்ஸ்கேல் இனிமேல் வரையப்போகும் கோடுகளுக்கு மட்டும். ஒரு கோட்டில் கடைசியாகத் தெரியும் அளவு, எல்டிஸ்கேலையும் அந்தக் கோட்டுக்கே உரிய லைன்டைப் ஸ்கேலையும் பெருக்கிய எண். யாரோ ஒரு நாள் செல்ட்ஸ்கேலை 20 என்று மாற்றிவிட்டு அப்படியே விட்டிருந்தால், அதன்பின் வரைந்த கோடுகள் எல்லாம் அந்த 20ஐச் சுமந்துகொண்டுதான் இருக்கும். எனவே செல்ட்ஸ்கேலை 1 ஆக்குங்கள். அப்புறம் எல்லாக் கோடுகளையும் தேர்ந்தெடுத்து, ப்ராப்பர்டீஸ் பலகத்தில் லைன்டைப் ஸ்கேலையும் 1 ஆக்குங்கள்.

மீதி இரண்டும் தாளைச் சேர்ந்தவை. பிஎஸ்எல்டிஸ்கேல் 1 என்றால், லேஅவுட்டில் வியூபோர்ட் (தாளில் வரைபடத்தைக் காட்டும் சாளரம்) எந்த ஸ்கேலில் இருந்தாலும் டேஷின் நீளம் தாளின் மில்லிமீட்டரில் கணக்கிடப்படும். உங்கள் லேஅவுட்டில் எல்லாம் முழுக்கோடாகத் தெரிந்ததற்கு இதுதான் காரணம்: எல்டிஸ்கேல் 100 இருக்கும்போது தாளிலேயே டேஷ் 635 மில்லிமீட்டர் ஆகிவிடுகிறது. இந்த மாறி ஒவ்வொரு லேஅவுட்டுக்கும் தனித்தனி. ஒன்றில் மாற்றினால் மற்றதில் மாறாது. ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள், மாற்றியதும் திரையைப் புதுப்பிக்க ரீஜென்ஆல் கொடுங்கள். எம்எஸ்எல்டிஸ்கேல் 1 என்றால் நாம் வரையும் மாடல் பக்கத்திலும், அங்கே தேர்ந்தெடுத்த அன்னோடேஷன் ஸ்கேலைப் பின்பற்றி டேஷ் பெரிதாகும். அந்த ஸ்கேலும் வியூபோர்ட்டும் 1:100 என்று இருந்தால், மாடலில் தெரிவதும் தாளில் வருவதும் ஒன்றாக இருக்கும். பழைய பதிப்புகளில் உருவான கோப்புகளில் இது 0 ஆகவே இருக்கும், கவனியுங்கள்.

எல்டிஸ்கேலை 1 என்று விடுவதா, 0.5 ஆக்குவதா? மெட்ரிக் கோப்பின் சென்டர் ஒரு சுற்று முடிக்க 50.8 மில்லிமீட்டர் தாள் வேண்டும். 1:100 தாளில் 300 மில்லிமீட்டர் தூண் வெறும் 3 மில்லிமீட்டர். அதன் மையக்கோடு தாராளமாக நீண்டாலும் அந்தச் சுற்று அடங்காது. அதனால் என் சிபாரிசு 0.5. மறைகோட்டின் டேஷ் தாளில் சுமார் 3 மில்லிமீட்டருக்கு வந்துவிடும், படிக்க நன்றாக இருக்கும். சிறிய தூண்களுக்கு அதுவும் பெரிது. அதற்குச் சொந்தமாக ஒரு லைன்டைப் எழுதிக்கொள்ளலாம், நோட்பேட் போதும். முதல் வரியில் நட்சத்திரக் குறி, ஒட்டியே பெயர், காற்புள்ளி, விளக்கம். இரண்டாம் வரியில் ஆங்கில ஏ எழுத்து, காற்புள்ளி, பிறகு 8,-1.5,1.5,-1.5. நேர்எண் கோடு, எதிர்எண் இடைவெளி, 0 என்றால் புள்ளி. ஒரு சுற்று 12.5தான், 0.5இல் 6.25. கோப்பை லின் என்ற நீட்டிப்போடு சேமித்து ஏற்றிக்கொள்ளுங்கள்.

நிலமட்டக் கோடு போல வளைந்து நெளிந்த பாலிலைன்களில் (பல துண்டுகள் சேர்ந்த ஒரே கோடு) மட்டும் டேஷ் வரவில்லை என்றால், ஸ்கேலில் தேடாதீர்கள். அங்கே ஒவ்வொரு முனையிலும் டேஷ் புதிதாகத் தொடங்குகிறது, துண்டுகளோ மிகக் குட்டை. ப்ராப்பர்டீஸ் பலகத்தில் லைன்டைப் ஜெனரேஷனை எனேபிள்ட் ஆக்கினால் முனைகளைக் கடந்து டேஷ் ஓடும். இனி வரைபவற்றுக்கு பிளைன்ஜென் மாறியை 1 ஆக்குங்கள்.

இப்போது லேயர்கள். லைன்டைப் சிக்கலும் லேயர் சிக்கலும் ஒரே இடத்தில் பிறப்பவை. நிறம், லைன்டைப், தடிமன் ஆகியவற்றை லேயர்தான் முடிவு செய்ய வேண்டும். கோடு தன்னிச்சையாக எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு கோட்டிலும் பைலேயர் (லேயர் சொல்வதே) என்று இருந்தால், மறைகோட்டு லேயரில் ஒரே இடத்தில் மாற்றியதும் முழு வரைபடமும் மாறும். கோட்டுக்குக் கோடு கையால் கொடுத்திருந்தால் லேயரில் என்ன செய்தாலும் பலன் இல்லை. செட்பைலேயர் கட்டளையை ஓட்டி எல்லாவற்றையும் தேர்ந்தெடுங்கள். பிளாக்குகளையும் (ஒரே பொருளாகத் தொகுத்த கோடுகள்) சேர்த்துக்கொள்ளவா என்று கேட்கும், ஆம் சொல்லுங்கள். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: கோட்டின் லைன்டைப் ஸ்கேலை அது தொடாது. அதனால்தான் அதை முன்பே தனியாக 1 ஆக்கச் சொன்னேன்.

பட்டியல் ஏன் நீண்டது என்று பார்க்க, பெயர்களைக் கவனியுங்கள். நடுவில் டாலர் குறி, 0, மறுபடி டாலர் குறி என்று இருக்கிறதா? எக்ஸ்ரெஃபை (வெளியிலிருந்து இணைத்த வரைபடம்) பைண்ட் முறையில் சேர்த்ததன் அடையாளம் அது. கோப்பின் பெயரை ஒவ்வொரு லேயருக்கும் முன்னால் ஒட்டிவிடும், சுவர் லேயர் ஒன்று மூன்றாகும். இனி சேர்க்கும்போது இன்சர்ட் முறையைத் தேர்ந்தெடுங்கள், ஒரே பெயருள்ளவை ஒன்றாகிவிடும். ஏற்கெனவே பெருகியவற்றுக்கு லேயர் மெர்ஜ் போதும்: ஒரு லேயரில் இருப்பதை எல்லாம் இன்னொன்றுக்கு நகர்த்திவிட்டு, பழையதை அதுவே நீக்கிவிடும். லேயர் டெலீட் வேறு. அது லேயரோடு அதிலுள்ள கோடுகளையும் அழித்துவிடும், பெயரைப் பார்த்து அவசரப்படாதீர்கள். எதில் என்ன இருக்கிறது என்று புரியாவிட்டால் லேயர் வாக் கட்டளையில் ஒவ்வொரு பெயராகச் சொடுக்குங்கள், அந்த லேயர் மட்டும் திரையில் நிற்கும். கடைசியில் பர்ஜ், காலியானவை எல்லாம் போய்விடும்.

எத்தனை லேயர் வேண்டும் என்பதற்கு என் அளவுகோல் எளியது. தனியாக மறைக்கவோ, தனியாக அச்சிடவோ, தனி லைன்டைப்பில் காட்டவோ வேண்டியிருந்தால் தனி லேயர். இல்லையென்றால் வேண்டாம். 0 லேயரில் பிளாக்கின் உள்கோடுகளைத் தவிர எதுவும் வரையாதீர்கள். அதில் பைலேயராக வரைந்த பிளாக், எந்த லேயரில் செருகுகிறோமோ அதன் குணத்தை எடுத்துக்கொள்ளும். டெஃப்பாயின்ட்ஸ் லேயரில் வரைந்தால் அச்சில் வராது. ‘திரையில் இருக்கிறது, பிரிண்டில் காணோம்’ என்று குழம்புபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.

ஆஃப், ஃப்ரீஸ் இரண்டும் ஒன்றல்ல. ஆஃப் செய்த லேயரின் கோடுகள் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். எரேஸ் கட்டளையில் ஆல் என்று கொடுத்தால் அவையும் சேர்ந்து அழியும். ஃப்ரீஸ் செய்தவையும் லாக் செய்தவையும் தப்பிக்கும். எதையாவது பத்திரமாக மறைக்க நினைத்தால் ஃப்ரீஸ் செய்யுங்கள். ஒரு வியூபோர்ட்டில் மட்டும் மறைக்க விபி ஃப்ரீஸ்.

எல்லாம் சரியான பிறகு, இந்த லேயர்களையும் லைன்டைப்களையும் மாறிகளையும் ஒரு டெம்ப்ளேட்டாகச் சேமித்து, புதிய வேலைகளை அதிலிருந்தே தொடங்குங்கள். வேறொருவர் வரைபடத்திலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது, அதே பெயரில் லைன்டைப்போ லேயரோ உங்களிடம் இருந்தால் உங்களுடைய அமைப்புதான் நிற்கும். அவருடைய அங்குல ஹிட்டன் உங்கள் மெட்ரிக் ஹிட்டனாகவே வந்து சேரும். உங்களிடம் இல்லாத பெயர்கள் மட்டும் புதிதாக நுழையும். ஒட்டிய கையோடு லேயர் பட்டியலை ஒரு முறை பார்த்து, அவற்றை உங்கள் லேயர்களோடு மெர்ஜ் செய்துவிடுங்கள். அவர் கோடுகளுக்கெனத் தனியாகக் கொடுத்திருந்த லைன்டைப் ஸ்கேலும் கூடவே வரும், அதையும் 1 ஆக்க வேண்டும்.